மால்குடியில் பெய்யாத மழை

விரும்பிப் படித்த நாவல் திரைப்படமாகி வரும்போது அதைத் தனியே பார்ப்பது ஒரு விதம். அதே நாவலைப் படித்த நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பது வேறு விதம். தனியே பார்ப்பவர் தம் மனத்திலுள்ள ஒரு நாவலோடு மட்டுமே படத்தை ஒப்பிடுகிறார். ஐவர் கூடினால் ஐந்து நாவல்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஒருவருக்கு உயிரான காட்சி மற்றவருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. "இது புத்தகத்தில் இல்லையே" என்று ஒருவர் சொல்ல, "இருக்கிறது, நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள்" என்று மற்றவர் மறுக்க, படம் பாதியில் நிற்கும். அலமாரியிலிருந்து நூல் இறங்கி வரும்.

இத்தகைய வழக்காடலுக்கு ஆர்.கே. நாராயணின் 'கைடு' போல வாய்ப்பான படைப்பு நம் நாட்டில் அரிது. 1958-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து 1960-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. ஆசிரியர் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர். அவர் படைத்த மால்குடி தென்னாட்டுச் சிற்றூர்களின் சாயல் கொண்டது. 1965-ஆம் ஆண்டில் விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படமோ கதையை அப்படியே பெயர்த்தெடுத்து ராஜஸ்தானத்து உதயப்பூரில் நட்டுவிட்டது. படக்குழுவினரைத் தாமே மைசூர்ப் பகுதியெங்கும் அழைத்துச் சென்று இடங்களைக் காட்டிய நாராயண், இறுதியில் அவற்றில் எதுவும் படத்தில் இடம்பெறவில்லை என்றறிந்து மனம் நொந்தார். வழிகாட்டியே வழிதவறிய கதை என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். அவருடைய கேலியில் கசப்பு குறைவு, வியப்பு மிகுதி. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அப்படம் பெற்ற ஃபிலிம்ஃபேர் விருதுகளுள் சிறந்த கதைக்கானதும் ஒன்று, அது நாராயணுக்கே வழங்கப்பட்டது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பணி நிமித்தம் பல மாநிலங்களிலிருந்து வந்து புணேயிலேயே தங்கிவிட்ட நண்பர்கள் ஐவர் சேர்ந்து இப்படத்தைப் பார்த்தோம். எல்லோரும் நாவலைப் படித்தவர்கள். முதல் அரை மணி நேரம் ஊரைப் பற்றிய புலம்பலிலேயே கழிந்தது. பாடல்கள் தொடங்கியதும் புலம்பல் அடங்கிற்று. எஸ்.டி. பர்மனின் இசை கேட்கும்போது மால்குடி எங்கே என்று எவருக்கும் கேட்கத் தோன்றாது.

முதல் சண்டை கையெழுத்தைப் பற்றியது. நாவலில் ரோஸியின் நகைப்பெட்டி வங்கியின் பாதுகாப்பில் இருக்கிறது. அதை விடுவிக்க அவளது கையொப்பம் வேண்டுமென்று கணவன் மார்கோவின் தரப்பிலிருந்து ஒரு தாள் வருகிறது. ராஜு அதை அவளிடம் காட்டாமல் தானே அவள் பெயரில் ஒப்பமிடுகிறான், சிறைக்கும் போகிறான். அது பேராசையா, அவள் கணவனிடம் மனம் திரும்பிவிடுவாளோ என்னும் அச்சமா? நாவல் இரண்டையும் பிரிக்க முடியாதபடி கலந்து வைத்திருக்கிறது. படம் அன்பின் பக்கம் சாய்கிறது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் மட்டும் இந்த ஆராய்ச்சியில் கலந்துகொள்ள மறுத்துவிட்டார். "காரணம் எதுவாயினும் எங்கள் ஏட்டில் அது போலிக் கையெழுத்துதான். மாதிரிக் கையொப்பம் எதற்காக வாங்கி வைத்திருக்கிறோம்?" என்றார்.

ரோஸியைப் பற்றிய விவாதம் அவ்வளவு எளிதில் முடியவில்லை. செங்கல்பட்டில் பிறந்து பரதம் பயின்ற வஹீதா ரஹ்மான் அப்பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எங்களுள் ஒருவரான பேராசிரியை ஒரு மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். படத்தில் மார்கோ வேறொரு பெண்ணை நாடுபவன். அதைக் கண்ட பின்னரே ரோஸி அவனை விட்டு விலகுகிறாள். நாவலில் மார்கோ அப்படிப்பட்டவன் அல்லன். குகை ஓவியங்களின் ஒவ்வொரு கோட்டையும் நுணுகிப் பார்ப்பவன். அருகில் நிற்கும் மனைவியைத்தான் பார்ப்பதில்லை. தேவதாசி மரபில் பிறந்து பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ரோஸிக்கு நடனம் உயிர். அவனுக்கோ அது தெருக்கூத்து வித்தை. "கணவன் கெட்டவனாக இருந்தால்தான் மனைவிக்கு மன்னிப்பு உண்டு என்று படம் நினைக்கிறது. நாராயண் அவளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை, அதனால் அவள் அங்கே பெரியவள்" என்றார் பேராசிரியை. அவர் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது. ஆயினும் 1965-ஆம் ஆண்டின் திரையரங்கில், கணவனை விட்டு வெளியேறும் ஒருத்தியை நாயகியாக்கியதே சிறிய துணிச்சல் அன்று.

பிறகு இறுதிக் காட்சி வந்தது. சிறையிலிருந்து விடுதலையாகி ஆற்றங்கரைக் கோயிலில் ஒதுங்கிய ராஜுவைச் சிற்றூர் மக்கள் மகான் என்று நம்பிவிடுகிறார்கள். வறட்சி வருகிறது. அவன் வாய் தவறிச் சொன்ன ஒரு சொல் திரிந்து, மழை வேண்டி 12 நாள் உண்ணாநோன்பு இருப்பதாக ஊரெங்கும் பரவுகிறது. வேலன் என்னும் உழவனிடம் ராஜு தன் கதை முழுவதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான். கேட்டு முடித்த வேலன் அப்போதும் அவனைச் சுவாமி என்றே அழைக்கிறான். நாவலில் மழை பெய்ததா என்பது நமக்குத் தெரிவதில்லை. படத்தில் ரோஸியும் தாயும் வந்து சேர்கிறார்கள், ராஜு இறக்கிறான், மழை கொட்டுகிறது.

"இதுதான் சினிமா" என்று எங்களுள் மூவர் ஒரே குரலில் சலித்துக்கொண்டோம். மராத்வாடாவைச் சேர்ந்த நண்பர் மட்டும் பேசாதிருந்தார். சற்றுப் பொறுத்து 1972-இன் வறட்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அப்போது அவர் சிறுவர். நிவாரணப் பணியில் அவருடைய தாயார் சாலையோரம் கல் உடைத்தார். "அந்த ஆண்டு எங்கள் ஊரில் ஒருவர் மழைக்காகப் பட்டினி கிடந்திருந்தால், அவர் எந்தச் சிறையிலிருந்து வந்தார் என்று நாங்கள் கேட்டிருக்க மாட்டோம். மழை வந்ததா இல்லையா என்று சொல்லாமல் கதையை முடிப்பது உங்களுக்கு அழகாக இருக்கலாம். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்படி முடிக்க முடியாது" என்றார்.

அவர் பேச்சுக்குப் பின் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இப்படம் மக்களைச் சென்றடைந்த காலத்தில், 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை நாடு எதிர்பார்த்திருந்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வேண்டினார். எண்ணற்ற குடும்பங்கள் அவ்வாறே செய்தன. தாமும் ஒருவேளை பட்டினி கிடந்தவர்களே கொட்டகையில் அமர்ந்து திரையில் அந்த மழையைப் பார்த்தார்கள். 1958-இல் நாவலை வெளியிட்ட நாராயணுக்கு இந்த நெருக்கடி இல்லை.

பேராசிரியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலன் உண்மையை அறிந்த பின்னும் நம்பினானே, அந்த இடத்திலேயே கதை முடிந்துவிட்டது, அதற்கு மேல் மழை எதற்கு என்றார். மராத்வாடா நண்பர் நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தமக்குள் படித்தார். மலைகளில் மழை பெய்வதாக ராஜு சொல்கிறான். அருகில் இருப்பவர்கள் எவரும் அதை மறுக்கவில்லை என்பதை விரல் வைத்துக் காட்டினார். இருவரும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் வாதிட்டார்கள்.

அடுத்த மாதத்துக்கு 'பதேர் பாஞ்சாலி' என்று முடிவாயிற்று. விபூதிபூஷணின் நாவலில் தொடக்கத்திலேயே மறைந்துவிடும் முதிய அத்தை இந்திர், சத்யஜித் ராயின் படத்தில் இன்னும் சற்று நீண்ட காலம் வாழ்கிறாள். அதைப் பற்றி எவரும் குறை சொல்லக்கூடாது என்று வங்காள நண்பர் இப்போதே நிபந்தனை விதித்திருக்கிறார்.