ரூபாய்க்கு ஒரு படி: பஞ்சகாலத்தில் தரப்பட்ட இரண்டு வாக்குறுதிகள்

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டே 7.2 கோடி டன்னாக இறங்கியது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்தது. அதில் பெரும்பகுதி, பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் கீழ் அமெரிக்கா அனுப்பிய கோதுமை. அதையும் ஜனாதிபதி ஜான்சன் மொத்தமாக விடவில்லை. இந்தியாவின் வேளாண் கொள்கையையும் வியட்நாம் போர் பற்றி அது பேசுவதையும் கவனித்து, மாதக் கணக்கில் அளந்து அனுப்பினார். இதற்கிடையே பாகிஸ்தானுடன் போர் நடந்தது. தாஷ்கண்டில் பிரதமர் சாஸ்திரி இறந்தார். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த டாலர் 7 ரூபாய் 50 காசானது.

இந்த நேரத்தில்தான் உணவைப் பற்றி இரண்டு பெரிய வாக்குறுதிகள் தரப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் இந்தியா பிறர் கையை எதிர்பார்க்காமல் விளைவித்துக்கொள்ளும் என்றது டெல்லி. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது சென்னையில் எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. முதலாவது பெருமளவு நிறைவேறியது. இரண்டாவது, இரண்டு நகரங்களைத் தாண்டவில்லை. நெருக்கடிக் காலத்தில் எந்த வாக்குறுதி நிற்கும், எது நிற்காது என்பதை அறிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழர் வரலாற்றில் இல்லை.

டெல்லியின் வாக்குறுதிக்குப் பின்னால் இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1964இல் உணவு, வேளாண் துறைக்கு அமைச்சரானார். பஞ்சம் முற்றுவதற்கு முன்பே அவர் இரண்டு அமைப்புகளை உருவாக்கிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு வந்தது. அதே மாதம் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. விளைவிப்பவனுக்குக் கட்டுபடியாகும் விலை, விளைந்ததை வாங்க ஓர் ஆள். இந்த இரண்டும் இல்லாமல் எந்த உழவனும் புது விதையை நம்பி நிலத்தில் இறங்கமாட்டான்.

விதை மெக்சிகோவிலிருந்து வந்தது. நாட்டுக் கோதுமை உயரமாக வளரும். உரம் கூடினால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் சாயாமல் நின்று உரத்தையெல்லாம் மணியாக்கின. கும்பகோணத்துக்காரரான வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் அவருடைய சகாக்களும் அவற்றை இந்திய மண்ணில் சோதித்துக் காட்டினர். 1966இல் 18,000 டன் விதை வாங்கப்பட்டது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில் விதைக்கும் உரத்துக்கும் இவ்வளவு செலவா என்ற எதிர்ப்பு அரசுக்குள்ளேயே இருந்தது. சாதாரண காலமாக இருந்தால் அந்தக் கோப்பு மேசையை விட்டு நகர்ந்திருக்காது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்த அரசு கையெழுத்திட்டது. டெல்லியில் தம் வீட்டுப் புல்வெளியை உழுது சுப்பிரமணியம் புதுக் கோதுமையை விதைத்தார். அமைச்சரே நம்புகிறார் என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

ஆனால் விதை முளைத்து ஊர் ஊராகப் பரவச் சில பருவமாவது வேண்டும். தேர்தல் 1967 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது.

தமிழகத்தில் அரிசி கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் காயமும் ஆறியிருக்கவில்லை. படி என்பது ஒவ்வொரு வீட்டிலும் இருந்த அளவை. சென்னைப் படிக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ அரிசி பிடிக்கும். ஆகவே வாக்குறுதியை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தி.மு.க. தலைவர் அண்ணா அதை இரண்டாகப் பிரித்தே சொன்னார்: மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிச்செட்டிபாளையத்தில் சி. சுப்பிரமணியமும் தோற்றார்.

தி.மு.க. ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கியது. அதற்கு மேல் நகரவில்லை. காரணம் மன உறுதிக் குறைவு அல்ல. வெளிச்சந்தை விலைக்கும் ஒரு ரூபாய்க்கும் இடையிலான தொகையை மாநிலக் கஜானா ஒவ்வொரு படிக்கும் சுமக்க வேண்டும். வறட்சியில் வருவாயும் சுருங்கியிருந்தது. மாநில அரசால் நோட்டு அச்சிட முடியாது. விரும்பியபடி கடன் வாங்கவும் முடியாது. அரிசியை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில் மத்திய அரசின் கட்டுப்பாடுகள் இருந்தன. பணம், தானியம், அதிகாரம் ஆகிய மூன்றும் டெல்லியில் இருந்தன. வாக்குறுதி மட்டும் சென்னையில் இருந்தது. மூன்று படி கிடைக்கவில்லை என்று எதிரிகள் பல காலம் குத்திக்காட்டினார்கள். நிச்சயம் என்று சொன்ன ஒரு படியைக் கூட மாநிலம் முழுவதும் தர முடியவில்லை என்பதே கனமான குறை.

டெல்லியின் வாக்குறுதிக்கோ 1967-68இல் மழையும் கைகொடுத்தது. தானிய விளைச்சல் 9.5 கோடி டன்னாக ஏறியது. கோதுமை மட்டும் 1.65 கோடி டன். 1970-71இல் அது 2.38 கோடியானது. வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களில் மூட்டை அடுக்கினார்கள். ஆனாலும் இது நீர்ப்பாசனம் உள்ள பஞ்சாபிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் கிடைத்த வெற்றி. நெல்லுக்கு இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. விளைச்சல் கூடியதும் எல்லார் வயிறும் நிறைந்துவிடவில்லை. கூலி நெல்லில் அரைப் படி கூட்டிக் கேட்ட தகராறு முற்றிய கீழ்த்தஞ்சையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டனர். விளைவிப்பதற்குத் திட்டம் வகுத்தவர்கள், விளைந்தது யாருக்குப் போகும் என்ற கேள்வியைத் தள்ளிவைத்ததற்கு ஏழைகள் கொடுத்த விலை அது.

சென்னையின் வாக்குறுதி பிறகு வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. கொள்முதல் நிலையம், கிடங்கு, ஊர்தோறும் ரேஷன் கடை என்று நெல் போகும் பாதை முழுவதும் மாநிலத்தின் கைக்கு வந்தது. 2006இல் ஒரு கிலோ அரிசி 2 ரூபாயானது. 2008 செப்டம்பரில் 1 ரூபாயானது. அப்போது அண்ணா மறைந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை.