ப்ளூஸும் ஒப்பாரியும்: தங்கவயலிலிருந்து ஒரு பார்வை

கோலார் தங்கவயலில் மார்கழி மாலைக் குளிர் கொஞ்சம் கடுமைதான். பனி இறங்கினால் பறையின் தோல் தொய்ந்துபோகும். வைக்கோலைக் கொளுத்தி, தீயில் காட்டி விறைப்பேற்றினால்தான் ஓசை எழும். ஏழையின் வாத்தியம் எங்கும் இப்படித்தான். அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையில் கறுப்பினத் தொழிலாளி உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டி, கிதார் கம்பிமேல் இழுத்து அழவைத்தான். அந்த அழுகைக்குப் பெயர்தான் ப்ளூஸ்.

'அது வெள்ளைக்காரன் பாட்டாச்சே' என்பார்கள் நம்மில் சிலர். கிளப்புகளில் ஆங்கிலேயர் ஆடிய நடன இசையை மனதில் வைத்துச் சொல்வது அது. ப்ளூஸ் அடிமைகளின் பிள்ளைகள் பாடியது. பெரும்பாலும் 12 தாளக்கட்டு. ஒரு வரியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் பதில் சொல்லுவார்கள். குரலோ சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஊசலாடும். நம் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. அங்கேயும் குரல் சுரத்தில் நிலைக்காது, வழுக்கி விழும். ஒருத்தி இழுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

தங்கவயலில் ஒப்பாரிக்குப் பஞ்சமில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் வட ஆர்க்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் நம் சனம், பெரும்பாலும் தலித் மக்கள். மேலே தட்டி வீட்டில் குளிர். கீழே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையே 60 பாகைக்கு மேல் கொதிக்கும். பாறை வெடித்துச் செத்தவர்கள் ஒருபக்கம், நுரையீரலில் தூசு படிந்து இருமியே போனவர்கள் மறுபக்கம்.

பிறகு ஏன் ப்ளூஸ் உலகமேடை ஏறியது, ஒப்பாரி தெருவோடு நின்றது? 1920இல் மேமி ஸ்மித் பாடிய இசைத்தட்டு அமோகமாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒப்பாரிக்கு அப்படிச் சந்தை அமையவில்லை. இன்னொன்றும் உண்டு. தேவாலயக்காரர்கள் ப்ளூஸைச் சாத்தான் பாட்டு என்று ஒதுக்கினார்கள். இங்கே பறையைச் சாதியோடு கட்டிப்போட்டார்கள். சாவுக்கு அடிப்பது சுமத்தப்பட்ட ஊழியம், அதை விடுவதே தன்மானம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் பல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தம் மாரிக்குப்பத்தில் வேரூன்றிய ஊரில் அது நியாயமான முடிவென்றே எனக்குப் படுகிறது. இழந்ததும் உண்மைதான்.

அந்தப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு. 2018 ஜனவரி 6 அன்று, சபாக்கள் களைகட்டும் அதே மார்கழியில், சென்னை கீழ்ப்பாக்கம் மைதானத்தில் கானாவும் பறையும் மின்கிதாரும் ஒரே மேடையில் ஒலித்தன. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. பாட்டிமாரிடம் கேட்டுப் பதியலாம். யாருக்காக, எந்த லைனில், எந்த வருஷம் பாடியது என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கப் பல கிழவிகள் சம்மதிக்க மாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். வாசலைத் தாண்டி ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போய்க் கேட்டால் சிலர் பாடுவார்கள்.