பெட்டியில் 2000 மீட்டர், ஏரியில் எத்தனை?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் கூடவே ஒரு வேலையும் வந்துவிடும். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆன்லைனில் பொருள் வாங்கித் தரும் வேலைதான் அது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளி போட்டிருக்கும் அண்ணன் ஒருவர், கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ராத்திரி காட்டுப்பன்னி தோட்டத்தைக் கிளறிடுது. தூரமா அடிக்கிற பேட்டரி லைட் ஒண்ணு பார்த்து வாங்கிக் குடுப்பா" என்றார். அவரிடம் இருந்தது பழைய மூணு கட்டை டார்ச்.

நானும் தேடினேன். 2000 மீட்டர், 1,00,000 லூமன், 9900 எம்.ஏ.எச். பேட்டரி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒன்றை 799 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். நான்காம் நாள் வந்தது. கனமான அலுமினிய உடம்பு, பளபளவென்ற ரிப்ளெக்டர். மொட்டைமாடியில் வானத்தை நோக்கி அடித்தால் கம்பம் நட்டதுபோல் வெளிச்சம் போனது. சந்தோஷம்தான். அப்புறம்தான் பெட்டியில் இருந்த எண்களை உட்கார்ந்து படித்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

லூமன் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிவரும் மொத்த வெளிச்சம். ஒரு வாட் மின்சாரத்துக்கு 100 முதல் 150 லூமன் வரை கொடுத்தால் அது நல்ல எல்.இ.டி. அப்படியானால் ஒரு லட்சம் லூமனுக்குக் குறைந்தது 650 வாட் வேண்டும். நம் வீட்டு மிக்ஸியே 750 வாட்தான். கையடக்க டார்ச்சில் இருக்கும் ஒற்றை பேட்டரி மிக்ஸியை ஓட்டுமா?

தூரத்தைத் தீர்மானிப்பது லூமன் அல்ல, கேண்டெலா. வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவிகிறது என்பதன் அளவு இது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அடைத்தால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுகிறதல்லவா, அந்த வேலையை இங்கே ரிப்ளெக்டர் செய்கிறது. டார்ச்சுகளை அளப்பதற்கென்று அமெரிக்காவில் 2009-ல் எப்.எல்.1 என்ற தரவரையறை வந்தது. அதன்படி, வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம்தான் டார்ச்சின் தூரம். 0.25 லக்ஸ் என்றால் ஏறத்தாழ பௌர்ணமி நிலா வெளிச்சம். அரை கிலோமீட்டருக்கு அப்பால் நிலா வெளிச்சத்தில் நிற்கும் பன்றி நம் கண்ணுக்கா தெரியப்போகிறது! தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். எனவே பெட்டியில் உள்ள எண் உண்மையாகவே இருந்தாலும் அதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். போனின் முன்பக்கக் கேமரா அருகே இருக்கும் வெளிச்ச சென்சாரை அது பயன்படுத்துகிறது. இருட்டான இடத்தில் சரியாக 10 மீட்டர் தள்ளி டார்ச்சை வைத்து, ஒளிவட்டத்தின் நடுவில் போனைப் பிடியுங்கள். வரும் எண்ணை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா கிடைக்கும். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து அந்த எண்ணுக்கு √ பட்டனை அழுத்தி, விடையை 2-ஆல் பெருக்குங்கள். அதுதான் மீட்டரில் தூரம். போன் சென்சார் துல்லியமானதல்ல என்பது உண்மைதான். ஆனால் வர்க்கமூலம் எடுப்பதால், சென்சார் 20 சதவீதம் தவறினாலும் தூரத்தில் 10 சதவீதம்தான் பிசகும்.

என் டார்ச்சுக்கு 620 லக்ஸ் வந்தது. அதாவது 62,000 கேண்டெலா, 498 மீட்டர். பெட்டி சொல்லும் 2000 மீட்டருக்குப் பத்து லட்சம் கேண்டெலா வேண்டும்.

சரி, கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று எங்கள் ஊர் ஏரிக்குப் போனேன். தண்ணீர் வற்றியிருந்தது. முன்பே கூகுள் மேப்ஸில் கரையின் மேல் ரைட் கிளிக் செய்து, 'மெஷர் டிஸ்டன்ஸ்' மூலம் எதிர்க்கரைப் பனைமரங்கள் 480 மீட்டர் என்று அளந்து வைத்திருந்தேன். மரம் இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான். இருநூறு மீட்டரில் மேய்ந்த வெள்ளை மாடு நன்றாகத் தெரிந்தது. தோட்டத்துக்கு இது போதும் என்றுதான் நினைத்தேன்.

பேட்டரியை மட்டும் நான் சோதிக்கவில்லை. அதுதான் மலையில் காலை வாரியது.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறிய பஸ் எங்களை இறக்கிவிட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. அண்ணன் வீட்டுக்கு நடைதூரம் ஒரு மணி நேரம். பாதி வழியில் பனிமூட்டம். ரிப்ளெக்டரின் அத்தனை பலமும் பனியில் பட்டு எங்கள் முகத்துக்கே திரும்பியது. எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் இருந்தது. டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்ததும் கொஞ்சம் வழி தெரிந்தது. கார்களில் பனி விளக்கைத் தாழ்வாகப் பொருத்துவதும் இதனால்தான். அப்போதும் நடுவில் ஒரு சின்ன வட்டம்தான், பக்கத்தில் பள்ளமா பாறையா என்று தெரியவில்லை. நாற்பதாவது நிமிடம் வெளிச்சம் மஞ்சளாக மங்கி அணைந்தே போனது. மீதி வழியை என் போன் வெளிச்சத்தில் கடந்தோம். அதிலும் 12 சதவீதம்தான் சார்ஜ். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

வீட்டில் சார்ஜ் போடலாம் என்றால், அவருடைய புதுப் போனின் சார்ஜரில் இரண்டு முனையும் டைப்-சி. அதில் டார்ச்சுக்குச் சார்ஜ் ஏறவே இல்லை. டைப்-சி பொருளுக்குள் 5.1 கிலோ ஓம் அளவில் இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள் இருந்தால்தான் அப்படிப்பட்ட சார்ஜர் மின்சாரம் அனுப்பும். காசு மிச்சம் பிடிக்க மலிவான பொருட்களில் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய செவ்வக யு.எஸ்.பி.யாக உள்ள வயரில் ஏறும்.

கீழே வந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். 18650 வகை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் இந்தப் பெயர் குறிக்கிறது. பழைய தடிமனான லேப்டாப் பேட்டரிகளுக்குள் வரிசையாக இருப்பதும் இதே செல்தான். (அதை உடைத்து எடுத்து டார்ச்சில் போடும் யோசனை வேண்டாம். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.) இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி சரக்கே 3500 எம்.ஏ.எச். அளவில்தான் இருக்கும், 4000-ஐத் தொடுவது அபூர்வம். 9900 என்பது ஸ்டிக்கரில் மட்டுமே சாத்தியம். நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் என்னுடையது 31 கிராம்.

திருப்பி அனுப்பிவிட்டேன், பணமும் வந்தது. இந்த முறை பெட்டியில் எப்.எல்.1 முத்திரையும் 300 மீட்டர் என்ற அடக்கமான எண்ணும் இருந்த ஒரு டார்ச்சை, விலை இரண்டு மடங்கு என்றாலும், வாங்கினேன். நடப்பதற்கு வெளிச்சம் அகலமாகப் பரவும் ஹெட்லைட் ஒன்று தனியாக, நெற்றியில் மாட்டிக்கொள்வது. டார்ச்சை அவரிடம் கொடுக்கும்போது, தோட்டத்துக்குள் மட்டும் அடியுங்கள், காட்டுக்குள் அடித்தால் வேட்டைக்காரர் என்று வனத்துறையினர் சந்தேகப்படுவார்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். பன்றி இன்னும் வருகிறதாம். ஆனால் எந்த மூலையில் நிற்கிறது என்று இப்போது தெரிகிறதாம். மூணு கட்டை டார்ச்சையும் அவர் தூக்கிப் போடவில்லை. "கரண்ட் இல்லாதப்ப சார்ஜ் எங்க போடுறது? இதுக்குக் கட்டை கடையிலயே கிடைக்குது தம்பி" என்றார்.