சுனாமி வெள்ளமும் நிலத்தின் அமைப்பும்: நிவாரணச் சட்டம் காணத் தவறியது

மண்ணாடிப்பட்டிலிருந்து கடல் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அங்கு வரவுமில்லை. ஆயினும் சங்கராபரணிக் கரையில் வாழ்வோர் அந்நாளின் நிலவியலை அறிந்திருக்க வேண்டும் என்பேன். வெள்ளம் எவ்வழி ஏறும் என்பதை நீரின் அளவோடு நிலத்தின் அமைப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடித் தரை ஏறத்தாழ 1,200 கி.மீ. நீளத்துக்குப் பிளந்தது. ஆழ்கடலில் அவ்வலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் செல்லும் அலை, 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ. ஆகத் தளர்கிறது. முன்னே செல்லும் நீர் தளர, பின்வரும் நீர் அதன்மேல் குவிந்து உயர்கிறது. கடலடிப் பள்ளத்தாக்கின்மேல் அலை விரைந்து இருபுறமும் விலகும். கடலடி மேட்டை நோக்கியோ வளைந்து குவியும். அதனால்தான் அடுத்தடுத்த ஊர்களுக்கு ஒரே அலை வருவதில்லை.

இதற்கு இலங்கையே கொடிய சான்று. பவளப்பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை 3 மீட்டருக்கு மேற்படவில்லை. நீர் உட்புகுந்தது 50 மீட்டர் அளவே. சில கி.மீ. வடக்கே, பவளம் வெட்டியெடுக்கப்பட்ட பெரலியவில் அலை 10 மீட்டர் உயர்ந்து, ஒன்றரை கி.மீ. உட்புகுந்தது. ரயில் ஒன்று கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது அங்கேதான்.

நம் கரையில், புதுச்சேரி நகரைப் பழைய கற்சுவர் பெருமளவு காத்தது. ஒன்றியப் பகுதியின் உயிரிழப்பில் பெரும்பகுதி, காவிரியின் தாழ்ந்த வண்டல் சமவெளியான காரைக்காலில் நேர்ந்தது. அலையாத்திக் காடுகள் காத்தனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இணக்கமில்லை. ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே முதன்மை என்போர் உண்டு. நான் நிலவியலாளன் அல்லன். எனினும் பின்னதே எனக்கு ஏற்புடையது.

நாகப்பட்டினத்தில் முகத்துவாரங்கள் வழியே ஏறிய உப்புநீர் வயல்களையும் கெடுத்தது. விளைச்சல் போனதும் கூலியும் போயிற்று. ஆனால் இழப்பு பெரும்பாலும் படகு, வலை, வீடு, உயிர் என்றே கணக்கிடப்பட்டது. படகும் பட்டாவும் இல்லாத தலித் கூலித் தொழிலாளர்கள் பலர் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கம் உள்ளிட்ட அமைப்புகள் இத்தகைய பாகுபாட்டை அன்றே பதிவு செய்தன.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் பிரிவு 61, நிவாரணத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் 'படகு உள்ளவருக்கு' என்னும் அளவுகோலில் சாதியின் பெயரே இராது. அங்கே இப்பிரிவை எடுத்து வாதிடுவது எளிதன்று. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையோ, இடர்க்கோட்டைப் பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவியாக மட்டுமே வைத்துள்ளது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையின்போது, வீடூர் அணை திறக்கப்பட்டுச் சங்கராபரணி பெருகியது. சேரிகள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்திலேயே ஒதுக்கப்பட்டவை. தம் குடியிருப்பு ஆற்றுமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் உள்ளது, வெள்ள வரைபடத்தில் அது குறிக்கப்பட்டுள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.