நிரலறிவின் உரைகல்

பொன்னின் மாற்றைக் காண உரைகல் உண்டு; நெல்லின் அளவைக் காண மரக்கால் உண்டு. ஒருவன் கற்ற கல்வியின் அளவைக் காண்பதற்குரியது தேர்வு. உரைகல் பொன்னைப் பழிப்பதற்காக அமைந்ததன்று; அதன் தன்மையை உள்ளவாறு காட்டுவதற்கே அமைந்தது. தேர்வும் அத்தகையதே. கற்பவன் உள்ளத்தில் எது தெளிவாகப் பதிந்துள்ளது, எது பிழைபடப் பதிந்துள்ளது என்று பிரித்துக் காட்டுவதே அதன் பயன். இவ்வுண்மை எல்லாக் கலைகளுக்கும் பொதுவாயினும், கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையில் மிகவும் சிறப்பாக விளங்குகின்றது.

நிரல் என்பது, கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்களை முறைப்படுத்தி எழுதிய கட்டளைத் தொகுதியாகும். அதனை எழுதுவதற்கென அமைந்த மொழிகள் பல. அவற்றுள் ஒன்று பைத்தான். நெதர்லாந்து நாட்டினரான குய்டோ வான் ரோசம் என்பவர், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், 1989ஆம் ஆண்டின் இறுதியில் இம்மொழியை அமைக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். பைத்தான் என்னும் சொல் மலைப்பாம்பைக் குறிப்பதாயினும், அவர் பாம்பை நினைந்து இப்பெயரை இடவில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றன் பெயரிலிருந்தே எடுத்தார். சுருக்கமும் தெளிவும் உடைமையால் இம்மொழி தொடக்க மாணாக்கர்க்கு ஏற்றதாயிற்று. 2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் இஃது இடம்பெற்றது.

அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள், காஞ்சிபுரத்தினின்று பிரிந்து செங்கற்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. பழைய சிற்பக் கலைக்குப் பெயர்பெற்ற மாமல்லபுரமும், புதிய நிரற்கலைக்கு நிலைக்களமான சிறுசேரித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. இங்குள்ள மாணாக்கரும், மாநிலத்தின் பிற மாவட்டங்களில் உள்ளாரைப் போலவே, எழுத்துத் தேர்விற்கு 70, செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டிற்கு 10 என வகுக்கப்பட்ட முறையில் இப்பாடத்தில் தேர்வு எழுதி வந்துள்ளனர். எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. ஏனையவை இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண்களுக்கு உரியவை.

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைப் பலவகைப் பொருள்களோடு ஒப்பிட்டுரைக்கின்றார். அவருள் அன்னத்தையும் ஆவையும் போன்றார் தலைமாணாக்கர். மண்ணையும் கிளியையும் போன்றார் இடைமாணாக்கர். கிளி, கற்பித்த சொல்லையன்றி வேறு சொல்லை அறியாது. நிரற்கல்வியில் கிளியின் நிலை பெரிதும் இடருடையது. பாடநூலிலுள்ள நிரலை எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கும் மாணாக்கன், அதில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்ட அளவில் மயங்கி நிற்பான். எனவே, தொடக்க மாணாக்கனைச் சோதிக்க வல்ல வினா, ‘இதனை வரையறு’ என்பதன்று, ‘கணிப்பொறியைத் தொடாமல், இந்நிரல் என்ன விடை தரும் என்று சொல்லுக, ஏன் என்றும் சொல்லுக’ என்பதே.

அத்தகைய வினாக்கள் சிலவற்றைக் காண்போம். பைத்தான் மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில் எழுதப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலி மட்டும் தமிழில் தரப்படுகின்றது. மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே இடுதற்குப் பைத்தானின் மூன்றாம் பதிப்பு இடந்தருகின்றது.

முதல் வினா மதிப்பிருத்தல் பற்றியது.

அ = 5
ஆ = அ
அ = 9

இறுதியில் ஆ என்பதன் மதிப்பு யாது? 9 என்பான் ஒருவன். 5 என்பான் மற்றொருவன். 5 என்பதே சரியான விடை. 9 என்றவன் சோம்பியிருந்தவன் அல்லன். கணக்குப் பாடத்தில் தான் கற்ற சமன்பாட்டை இங்கும் கொணர்ந்தவன். கணக்கில் இக்குறி, இருபுறமும் என்றும் சமம் என்பதைக் காட்டும். பைத்தானிலோ, வலப்புறத்து மதிப்பை இடப்புறத்துப் பெயருக்கு இப்பொழுது உரியதாக்குக என்னும் ஏவலைக் காட்டும். ஏவல் நிறைவேறியபின், அ வேறு மதிப்பைப் பெற்றால் ஆ மாறுவதில்லை. இரண்டும் சமமா என்று வினவுதற்கு == என இரட்டைக் குறி இடல் வேண்டும். ஒரு சிறு வினா, மாணாக்கன் உள்ளத்தில் மறைந்திருந்த தவறான கருத்தை எவ்வாறு வெளிக்கொணர்ந்தது என்பதைக் காண்க.

இரண்டாவது வினா தரவின் வகை பற்றியது. மாமல்லபுரக் கடற்கரையில் மீனவர் ஒருவர் காலையில் 20 கிலோவும் மாலையில் 30 கிலோவும் மீன் கொணர்ந்தார். இவ்விரு எண்களையும் ‘இன்புட்’ என்னும் கட்டளையால் பெற்று, அவ்வாறே கூட்டினால் வரும் விடை யாது? 50 என்று எதிர்பார்ப்பவன் திகைப்பான். திரையில் தோன்றுவது 2030. அக்கட்டளை எதனைப் பெற்றாலும் எழுத்துச் சரமாகவே பெறும். சரங்களைக் கூட்டுதல் என்பது ஒன்றன்பின் ஒன்றை ஒட்டுதலேயாம். ‘இன்ட்’ என்னும் கட்டளையால் சரத்தை எண்ணாக மாற்றிய பின்னரே 50 கிடைக்கும்.

மூன்றாவது வினா வகுத்தல் பற்றியது. செங்கற்பட்டுப் பள்ளியொன்றிலிருந்து 100 மாணாக்கர், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்குச் சுற்றுலாச் செல்கின்றனர் என்று கொள்க. ஒரு பேருந்தில் 40 இருக்கைகள். 100 // 40 என்பதன் விடை யாது எனக் கேட்டு, 2, 2.5, 3, 20 என நான்கு விடைகள் தரப்படுகின்றன. சரியான விடை 2, என்னை? இரட்டைச் சாய்கோடு ஈவின் முழுப்பகுதியை மட்டும் தரும். 2.5 என்றவன் ஒற்றைச் சாய்கோட்டின் பயனை இதற்கு ஏற்றினான். 20 என்றவன் வகுமீதியைத் தரும் % என்னும் குறியோடு மயங்கினான். 3 என்றவன் பேருந்தின் தேவையை உணர்ந்தான். குறியின் பொருளை உணர்ந்திலன். இவ்வாறு ஒவ்வொரு தவறான விடையும் ஒவ்வொரு மயக்கத்தைக் காட்டுமாறு அமைத்தலே நல்ல வினாவின் இலக்கணம். பொருந்தா விடைகளை வாளா அடுக்குவதால் பயனில்லை.

இனி, எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று தொடர்ந்து வினவுக. 2 என்னும் விடையோடு அமைபவன் 20 மாணாக்கரைச் சாலையில் நிறுத்திவிடுகின்றான். வந்த ஈவோடு ஒன்றைக் கூட்டுக என்பான் வேறொருவன். 100 பேருக்கு 3 என விடை சரியாக வரும். ஆனால், 80 பேர் வந்தாலோ, இரண்டு பேருந்துகள் போதியனவாக இருக்க, அந்நிரல் மூன்றைக் கேட்கும். மாணாக்கர் தொகையோடு 39ஐக் கூட்டிப் பின்னர் 40ஆல் முழு வகுத்தல் செய்பவன் எல்லாத் தொகைக்கும் பொருந்தும் விடை காண்பான். 80க்கு 2, 81க்கு 3, 100க்கு 3 என வருதல் காண்க. மாணாக்கனைத் தேர்வு சோதிப்பது போல, மாணாக்கன் தன் நிரலை இவ்வாறு எல்லைகளில் நிறுத்திச் சோதித்தல் வேண்டும்.

நான்காவது வினா எண்ணுமுறை பற்றியது. மாமல்லபுரத்து ஐந்து இரதங்களின் பெயர்களைத் திரௌபதி, அருச்சுனன், பீமன், தருமராசன், சகாதேவன் என ஒரு பட்டியலாக அமைத்து, 1 என்னும் இடத்தில் உள்ளது யாது என்று வினவுக. திரௌபதி என்று தோன்றும், விடையோ அருச்சுனன். பைத்தான் சுழியிலிருந்து எண்ணத் தொடங்கும். ‘ரேஞ்ச்(1, 5)’ என்பதும் 1, 2, 3, 4 ஆகிய நான்கையே தரும். இறுதி எண்ணைத் தன்னுள் அடக்காது. இதனை அறியாதவன், ஐந்து இரதங்களைக் காட்டப் புகுந்து நான்கை மட்டும் காட்டி மீள்வான்.

ஐந்தாவது வினா உள்தள்ளல் பற்றியது. தமிழில் ‘பலகை’ என்பது மரப்பொருள். இடைவெளி விட்டுப் ‘பல கை’ என்றால் கைகள் பல என்று பொருள்படும். பைத்தானிலும் வெற்றிடம் பொருளுடையது. ஐந்து முறை சுழலும் மடக்கின் கீழ், உள்தள்ளி எழுதிய வரி ஐந்து முறை நிகழும். உள்தள்ளாமல் எழுதிய வரி, மடக்கு முடிந்தபின் ஒரு முறையே நிகழும். வரியின் இடத்தை மட்டும் மாற்றி, விடை எவ்வாறு மாறும் என்று கேட்டால் மாணாக்கன் தெளிவு புலனாகும்.

ஆறாவது வினா தமிழறிவையும் நிரலறிவையும் ஒருங்கே வேண்டுவது. ‘மாமல்லபுரம்’ என்னும் சொல்லின் நீளத்தை ‘லென்’ என்னும் செயற்கூற்றால் கேட்டால் என்ன விடை வரும்? இலக்கணம் கற்றவன் மா, ம, ல், ல, பு, ர, ம் என எண்ணி ஏழு என்பான். பைத்தான் 11 என்கின்றது. உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொள்வது தமிழ் மரபு. யூனிகோடு முறையிலோ கால், உகரக் குறி, புள்ளி ஆகியன தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்படுகின்றன. இச்சொல்லில் அத்தகைய குறிகள் நான்கு உள. ஏழும் நான்கும் பதினொன்று. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. அஃது எண்ணிய பொருள் வேறு. தமிழ் எழுத்துகளை மரபுப்படி பிரித்தெண்ணுவதற்கு ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பு உளது.

மேற்கூறிய பிழைகள் ஒரு தன்மையன அல்ல. கட்டளையை இலக்கணம் வழுவ எழுதுவது தொடரியல் பிழை. அதனைப் பைத்தான் வரியோடு சுட்டிக் காட்டும். இல்லாத ஐந்தாம் இடத்திலுள்ள இரதத்தைக் கேட்பது இயக்க நேரப் பிழை. நிரல் இடையில் நின்று அதனை அறிவிக்கும். பேருந்தின் தொகை தவறுவதோ தருக்கப் பிழை. இங்குக் கணிப்பொறி வாய் திறவாது. தவறான விடையைச் சரியான விடை போலவே அச்சிட்டுத் தரும். ஏவியதைச் செய்வதன்றி, எண்ணியதை உணரும் ஆற்றல் அதற்கில்லை. இம்மூன்றனுள் தருக்கப் பிழையே மிகக் கொடியது. மருந்தின் அளவையோ மின்கட்டணத்தையோ கணக்கிடும் நிரலில் அது புகுந்தால் துன்புறுவார் பலர். அதனைக் காணும் கண்ணை மாணாக்கனுக்குத் தொடக்கத்திலேயே அளிப்பது தேர்வின் தலையாய கடன்.

இதற்கு மாமல்லபுரத்துக் கற்களே சான்று தருகின்றன. அங்கு வலையன்குட்டை இரதம், பிடாரி இரதங்கள் முதலியன முற்றுப்பெறாமல் நிற்கின்றன. அவற்றின் மேற்பகுதி உருப்பெற்றிருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாக உள்ளது. சிற்பிகள் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கினர் என்பதை அறிஞர் இவற்றால் அறிகின்றனர். முற்றுப்பெற்ற இரதம் அழகைக் காட்டும். முற்றுப்பெறாத இரதம் செய்த முறையைக் காட்டும். மாணாக்கனுடைய அரைகுறை விடையும் அவன் எண்ணிய முறையைக் காட்டும். ஆகலின், வரிதோறும் மாறிகளின் மதிப்பை ஓர் அட்டவணையில் எழுதச் செய்து, எவ்வரியில் வழி தவறினான் என்று கண்டு திருத்துதல் ஆசிரியர் கடமையாகும். சிவப்பு மையால் சுழி இட்டு விடுவதோடு அது முடிவதன்று.

சிற்பிக்கும் நிரலாளர்க்கும் ஒரு வேறுபாடும் உண்டு. உளி தவறிச் சிதைந்த கல் மீண்டும் பழைய கல் ஆகாது. நிரலோ நூறு முறை பிழைத்தாலும் நூறு முறையும் திருத்தத்தக்கது. ஆதலால், தொடக்க மாணாக்கன் பிழைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பிழையின் காரணம் அறியாமல் அடுத்த பாடத்திற்குச் செல்வதற்கே அஞ்ச வேண்டும். ஒவ்வொரு நிரலையும் இயக்குமுன் விடையைத் தன் கையால் எழுதி வைத்து, பின்னர்த் திரையோடு ஒப்பிட்டு, வேறுபட்டவிடத்துக் காரணம் தேடுபவன், பள்ளித் தேர்வு வருவதற்கு முன்பே தன்னைத் தானே தேர்ந்தவன் ஆவான். அத்தகையோன் எழுதும் நிரலை நம்பிப் பிறர் தம் வேலைகளை ஒப்படைக்கலாம்.