பச்சையெல்லாம் காடு அல்ல!

ஆயக்குடிச் சந்தையிலே கொய்யாக் கூடை இறக்கும் தோழனே, தலை நிமிர்ந்து பார்! எதிரே கொடைக்கானல் மலைத்தொடர், பச்சைப் பசேலென்று. "மலைக்கு என்ன குறை?" என்கிறாய்.

குறை கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத்தான் தெரியும். 1973 முதல் 2014 வரை செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டார்கள். 2018-இல் முடிவு வந்தது: பழனி மலைகளின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று! அந்த இடத்தில் பயிர் நிலமும், தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் ஆன சீகையும் தைலமரமும்!

புல்லுக்கு இவ்வளவு கவலையா? ஆம்! சோலையும் புல்வெளியும் மழையைத் தேக்கி ஓடையிலே மெல்ல விடுகின்றன. வந்தேறி மரமோ நீரை மிகுதியாய் உறிஞ்சுகிறது. ஓடை வற்றினால் வரதமாநதி அணை வற்றும், தோப்பு வாடும், உன் கூலியும் வாடும்.

"வெட்டித் தள்ளு!" என்பாய். பொறு! சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைப்பதையும் கண்டிருக்கிறார்கள். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது? ஆண்டுதோறும் அளந்தவனே சொல்ல முடியும். முதுமலையிலே 50 ஹெக்டேர் காட்டில், 1988 முதல் மரங்களுக்கு எண் கட்டிக் கணக்கெடுத்து வருகிறது பெங்களூர் இந்திய அறிவியல் கழகம்.

பழனி மலைக்கும் அப்படித் தளராத கணக்கு வேண்டும். மந்திரி மாறினாலும் மாறாத நிதி வேண்டும். மலையறிந்த பளியருக்கு அதிலே மாதச் சம்பள வேலை வேண்டும்.

கூலிக் கணக்கைக் கேட்டுப் பெற்றவர்கள் நாம். மலைக் கணக்கையும் கேட்போம்!