எரிச்சலைக் கண்ணால் காண முடியுமா?

“பாதம் நெருப்பாய் எரிகிறது, நரம்புச் சோதனையிலோ குறையொன்றும் இல்லை என்கிறார்கள். இது வெறும் மனப்பிரமையா?” எம்மிடம் வரும் நோயாளர் பலர் தயக்கத்தோடு கேட்கும் வினா இது. பிரமை அன்று என்பதே எம் விடை.

மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டவர் அந்த எரிச்சலை அறிவர். அங்கே நெருப்பில்லை, ஆயினும் சுடுகிறது. மிளகாயிலுள்ள கேப்சைசினையும் சுடும் வெப்பத்தையும் நரம்பு முனையிலுள்ள ஒரே புரதம் உணர்வதே காரணம். டி.ஆர்.பி.வி.1 எனப்படும் இப்புரதத்தை 1997இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இனங்கண்டனர். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, ஆர்டெம் படபூட்டியனுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

இப்புரதம் நரம்பணுவின் சவ்விலுள்ள கதவு போன்றது. வெப்பம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசைக் கடந்தால் அது திறக்கும். ‘சுடுகிறது’ என்னும் செய்தி மூளைக்குச் செல்லும். அழற்சி கண்ட இடத்தில் அது குறைந்த வெப்பத்திலேயே திறந்துகொள்ளும். வெயிலில் கன்றிய தோலில் வெந்நீர் பட்டால் மிகுதியாகச் சுடுவது இதனால்தான்.

இக்கதவு எந்த நரம்பணுவில் உள்ளது என்று அறிய, ஆய்வகத்தார் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகின்றனர். இப்புரதத்தின் சிறு துண்டை முயல் போன்ற விலங்கின் உடலில் செலுத்தினால், அவ்வுடல் அதை அயற்பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்து மெல்லிய திசுச் சீவலின்மீது இட்டால், தனக்குரிய புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் நோக்கினால் அவ்விடம் ஒளிரும்.

எதிர்ப்பொருள் வேறு புரதத்தைத் தவறாகப் பற்றுவதும் உண்டு. ஆகவே, இப்புரதமே இல்லாத எலியின் திசுவிலும் அதைச் சோதிப்பர். அங்கும் ஒளிர்ந்தால் அதை நம்பலாகாது.

“எனக்கும் இச்சோதனை செய்யலாமா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். இது ஆராய்ச்சிக்கு உரியது. ஒருவரின் வலியை அளந்து கூறாது. வழக்கமான நரம்புக் கடத்தல் சோதனை பெரிய நரம்பிழைகளையே அறியும். எரிச்சலைக் கொண்டுசெல்பவை நுண்ணிழைகள். தேவை என மருத்துவர் கருதினால், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அகலத் தோல்துணுக்கை எடுத்து, நரம்பிழைகளைக் காட்டும் வேறோர் எதிர்ப்பொருளால் அவற்றை எண்ணிப் பார்ப்பர். எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை.

இக்கதவை மருந்தால் அடைத்துவிடலாமே எனத் தோன்றலாம். அவ்வாறு முயன்றபோது சிலருக்கு உடல் வெப்பம் உயர்ந்தது. சுடுவதை உணரும் திறனும் குறைந்தது. நம்மை வருத்தும் இக்கதவே நம்மைக் காக்கும் காவலும் ஆகும். எனவே, பாதத்தில் உணர்ச்சி குன்றியோர் வெந்நீர் ஒத்தடத்தைத் தவிர்க்க வேண்டும். குளிக்கும் நீரின் சூட்டை உடனிருப்போர் முன்னதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கேப்சைசின் களிம்பையும் மருத்துவர் கூறாமல் பூசலாகாது.

எரிச்சல் எங்கே, எப்போது, எதனால் மிகுகிறது என்று குறித்துவைத்து வாருங்கள். நுண்ணோக்கி புரதத்தைக் காட்டும். உங்கள் வலியை எமக்குக் காட்டுவது உங்கள் சொல்லே.